அலமாரிக்குத் திரும்பாத புத்தகங்கள்

ஜிப்பக்காவின் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. அடுத்தவர் தைத்ததைத் திருத்துவதுதான் அவள் தொழில். இடுப்பு இறுகிப்போன கால்சட்டை, கை நீண்டு தொங்கும் கோட்டு, பல் விழுந்த ஜிப், பிள்ளை வளர்ந்ததால் குட்டையாகிவிட்ட பள்ளிச் சீருடை எல்லாம் அவளிடம் வந்து சேரும். 'ஜிப் மாற்றித் தரப்படும்' என்று வாசலில் ஒரு பலகை. அதில் வேறொன்றும் எழுதாததால் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. வேலை செய்யும்போது உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். அதுவரை அவள் பரம சாது. அவற்றை எடுத்து ஊசிமெத்தையில் குத்திவிட்டு வாயைத் திறந்தாள் என்றால், வந்தவர்கள் ஓரடி பின்வாங்கி நின்றுகொள்வார்கள்.

யார் தையலைப் பார்த்தாலும் அவளுக்குக் குறைதான் முதலில் கண்ணில் படும். அவசரத்தில் ஓட்டிய தையல், நூலை மிச்சம் பிடித்த தையல், உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்ட தையல். "இதைத் தச்சவன் தன் வீட்டு ஆளுக்கு இப்படித் தைப்பானா?" என்று கேட்டுக்கொண்டே பிரிப்பாள்.

கடைக்கு நேர் எதிரே நூலகம். ஒற்றைத் தளக் கட்டடம், இரண்டு படி, சாயம் உதிர்ந்த கதவு. ஜிப்பக்கா அங்கே போய் உட்கார்ந்து படிக்கிற ஆள் கிடையாது. அவளுக்கு அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவள் கணவர்தான் அங்கே இருப்பார். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். பேருந்தின் பின்படியில் அவர் குரல் கொடுத்தால் முன்படியில் தூங்குகிறவன் எழுந்து சீட்டுக்குப் பணம் எடுப்பான். அப்படிப்பட்ட குரல் ஒருநாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, போய்விட்டது. விழுந்தார். பிழைத்தார். வலது கை பாதி வேலைநிறுத்தம் செய்தது. வாய் முழு வேலைநிறுத்தம்.

வார்த்தைகள் உள்ளே இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது, தினமும் படிக்க வையுங்கள், பேச வையுங்கள் என்றார் மருத்துவர். ஜிப்பக்காவும் முயன்றாள். அவர் "த... த..." என்று தொடங்கியதும், "தண்ணியா? தலைகாணியா? தலை வலிக்குதா?" என்று அவளே அடுக்கிவிடுவாள். மிச்சம் இருக்கும் வார்த்தையையும் பிடுங்கிக்கொள்கிறாளே என்று அவருக்குக் கோபம் வரும். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அப்போது நடந்ததுபோல் சத்தமில்லாத சண்டை எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

ஒருநாள் அவரே தெருவைக் கடந்து நூலகத்துக்குப் போய்விட்டார். வேலையில் இருந்த காலத்திலும் ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் அங்கேதான் செய்தித்தாள் பார்ப்பார். நூலகர் ஓர் ஒல்லியான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கூட்டம் வருவதற்குமுன் கண்டக்டர் முன்னால் செய்தித்தாளை விரித்து, இரண்டு வரி சத்தமாகப் படிப்பார். பிறகு காத்திருப்பார். அவர் செய்த வைத்தியம் அந்தக் காத்திருப்புதான். கண்டக்டர் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். எடுத்துக்கொடுக்கமாட்டார். முகத்தைப் பார்த்து அவசரப்படுத்தவும் மாட்டார். ஒரு வார்த்தைக்குக் கால்மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

முதலில் வந்த வார்த்தை 'மழை'. அன்று மத்தியானம் அதைக் கையில் ஏந்துகிறவர்போல் பத்திரமாகக் கடைவரைக்கும் கொண்டுவந்து, "மழை" என்றார் மனைவியிடம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க, கொட்டுது" என்றாள் ஜிப்பக்கா. பிறகு இயந்திரத்துப் பக்கம் குனிந்துகொண்டாள்.

அதன்பின் அவர் நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுவந்தார். விஷயம் அப்படி இருந்தபோதுதான் அவள் கொழுந்தன் சாப்பிட வந்தான்.

கொழுந்தன் நகரசபை உறுப்பினர். கண்டக்டரின் சம்பளத்தில் படித்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவன். வாரத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, நம்ம நூலகத்துக்கு நல்ல காலம் பொறந்திருக்கு."

"அதுக்கு என்ன கெட்ட காலம் வந்துச்சு?"

"நடத்துறதைத் தனியார்கிட்ட குடுக்குறோம். மூடுறதில்ல, தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. கட்டடம் நம்மது, புத்தகம் நம்மது. நடத்துறது மட்டும் கம்பெனி. விடியக்காலைலயும் போகலாம், ராத்திரியும் போகலாம். கார்டைக் காட்டினாக் கதவு தொறக்கும். புத்தகம் எடுக்குறதை மெஷினே எழுதிக்கும்."

"நூலகரம்மா?"

"அவங்களை வேற எங்கயாவது போடுவாங்க. இனிமே அங்க ஆளே தேவையில்ல அண்ணி. அதானே இதுல லாபம்."

கண்டக்டர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "ஆ... ஆள்..." என்றார். மேலே ஏதோ வந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

தம்பி அவர் தோளில் தட்டினான். "ஆமாண்ணே. ஆள் வேண்டாம். அதேதான்."

ஜிப்பக்கா அவன் தட்டை எடுத்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"அண்ணி, நான் இன்னும் முடிக்கல."

"உங்கண்ணனும்தான் முடிக்கல" என்றாள்.

கம்பெனிக்காரர்கள் செய்துகாட்ட வந்தார்கள். வாசிப்பறையின் நடுவில், மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, ஆள் உயர இயந்திரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அதிகாரி, வந்தவர்களுக்கெல்லாம் வழவழப்பான தாள் ஒன்றைக் கொடுத்தார். 'மனிதத் தலையீடு இல்லாத வாசிப்பு அனுபவம்' என்று அதில் அச்சிட்டிருந்தது. ஜிப்பக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியின் உள்பக்கத்தைப் பார்ப்பவள்போல.

"யாராவது ஒருத்தர் வந்து முயற்சி பண்ணுங்க" என்றார் அட்டைக்காரர். கொழுந்தன் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்து அழைத்துவந்தான். நகரசபை உறுப்பினரின் சொந்த அண்ணனே முதல் ஆள் என்றால் படத்துக்கு நன்றாக இருக்கும் அல்லவா.

கண்டக்டர் புத்தகத்தை இடது கையால் பிடித்து, வலது கையால் முட்டுக்கொடுத்து, கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். கொஞ்சம் கோணலாகிவிட்டது. இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தேன் ஒழுகப் பேசியது: "மன்னிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்."

மறுபடி வைத்தார். "மன்னிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்."

"ஐயா, கொஞ்சம் நேரா வைங்க" என்றார் அட்டைக்காரர்.

வைத்தார். மன்னிக்கச் சொன்னது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. கை நடுங்க நடுங்க புத்தகம் இன்னும் கோணலாயிற்று. இயந்திரம் அதே இனிப்போடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ பாவம் என்றார்கள். அந்தப் 'பாவம்'தான் ஜிப்பக்காவுக்கு உச்சந்தலையில் ஏறியது.

"அவரால நேரா வைக்க முடிஞ்சா அவர் எதுக்குய்யா தினம் இங்க வர்றாரு? அவர் பல தடவை முயற்சி பண்ணிட்டாரு. அந்தப் பொம்பளையை ஒரு தடவை முயற்சி பண்ணச் சொல்லு!"

"மேடம், கோபப்படாதீங்க. இந்த மாதிரி இருக்குறவங்களுக்குன்னே உதவி எண் வச்சிருக்கோம். எந்த நேரத்துலயும் ஃபோன் பண்ணிப் பேசலாம்."

"பேச வராதவரு ஃபோன் பண்ணிப் பேசணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜிப்பக்கா சிரிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்ற நூலகரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அன்று அவர் ஒரு வார்த்தையும் கொண்டுவரவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அதற்கப்புறம் ஜிப்பக்கா தெருத்தெருவாகப் போனாள். கையெழுத்து வாங்கினாள். சுவரொட்டி ஒட்டினாள். கடைக்கு வந்தவர்கள் இடுப்பளவைச் சொல்லுமுன் நூலகத்தைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. மனுவை நகரசபை மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தது. வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். 'ஆதரிப்பவர்கள்' என்றதும் முதலில் எழுந்த கை கொழுந்தனுடையது. அந்தச் சட்டைக்கு அவள்தான் கைப்பட்டி மாற்றித் தைத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

வந்தவள் ஓய்ந்துவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கொழுந்தனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சமாதானக்கொடிபோல் இரண்டு கால்சட்டைகளைக் கையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். பதவிக்கு வந்தபின் அவன் இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. ஜிப்பக்கா ஊசிகளைக் கவ்விக்கொண்டு, அவனை முக்காலிமேல் நிறுத்தி, இடுப்பைச் சுற்றிக் குத்த ஆரம்பித்தாள். அவள் வாய் அடைபட்டிருக்கும் தைரியத்தில் அவன் வாய் திறந்துகொண்டது.

"எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் அண்ணி. மாசக் கடைசித் திங்கக்கிழமை கம்பெனி ஆளுங்க வந்து அலமாரில இருக்குற புத்தகத்தை எண்ணுவாங்க. எண்ணிக்கை சரியா இருந்தா கையெழுத்து. கையெழுத்தானா சாவி. அன்னைக்கு முடியலைன்னா ஒப்பந்தமே காலாவதி, மறுபடி முதல்லேருந்து வரணும். அதனாலதான் வெளில இருக்குற புத்தகத்தையெல்லாம் தவணைக்குள்ள திருப்பணும், புதுப்பிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கோம்."

"ம்?" என்றாள் அவள்.

"எடுக்குறதா? அதை நிறுத்தல. யாரு எடுக்குறா அண்ணி? அதனாலதானே கம்பெனிக்கே குடுக்குறோம்!"

அவன் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்ததில் ஊசி ஒன்று சதையில் ஏறியது. "ஐயோ அண்ணி!" என்று துள்ளினான்.

"ஆடாம நில்லு" என்றாள், ஊசிகளுக்கிடையே.

அடுத்த சனிக்கிழமை நூலகம் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. உறுப்பினர் அட்டை வைத்திருந்த ஒவ்வொருவரையும் ஜிப்பக்கா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருந்தாள். அட்டைக்கு எத்தனை உண்டோ அத்தனையும் எடு; வீட்டில் யார் யாருக்கு அட்டை இருக்கிறதோ அவர்களையும் கூட்டிவா; திங்கட்கிழமை எண்ணிக்கை முடியும்வரை திருப்பாதே. அவ்வளவுதான் திட்டம். நூலகர் அரசு ஊழியர். அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சேர அவருக்கு வழி இல்லை. ஆனால் அன்று காலை அவர் முத்திரை மைப்பெட்டியைப் புதிதாக மாற்றி வைத்திருந்ததை ஜிப்பக்கா கவனித்தாள்.

முதலில் நல்ல புத்தகங்கள் போயின. பிறகு பரவாயில்லை ரகம். மத்தியானத்துக்குமேல் கிடைத்ததை அள்ளினார்கள். இறைச்சிக் கடைக்காரர் ரோஜா வளர்ப்பு நூல்களைக் கட்டிக்கொண்டு போனார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பிரம்மச்சாரி, கர்ப்பகால உணவைப் பற்றி மூன்று புத்தகம் எடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். முடிதிருத்துபவர் தலையணை கனத்தில் சட்டத் தொகுதிகளைத் தூக்கினார். "வாடிக்கையாளர் யாராவது தகராறு பண்ணட்டும் இனிமே" என்றார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கலைக்களஞ்சியத்தை வரிசை பிசகாமல் தள்ளுவண்டியில் அடுக்கிக் கொண்டுபோனார். மாலையில் அலமாரிகள் காலி. புத்தகங்கள் நின்ற இடத்தில் தூசி கோடு கோடாக இருந்தது. கண்டக்டர் ஓர் அலமாரி நெடுக இடது கை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லார் தையலிலும் குறை கண்டுபிடிக்கிறவள் தன் தையலில் அதைப் பார்க்கவில்லை.

தவணை இரண்டு வாரம். எண்ணிக்கைக்கு முந்திய சனிக்கிழமையோடு அது முடிகிறது. காலி அலமாரிகளைப் பார்த்தும் நகரசபை அசையாதது அந்த நம்பிக்கையில்தான். அன்று காலை கடையைத் திறந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், தெருவில் சக்கரம் கடகடக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சிக்னல்காரர். தள்ளுவண்டி. வண்டிமேல் கலைக்களஞ்சியம்.

"ஐயா! எங்க போறீங்க?"

பெரியவர் நிற்காமல் நடந்தார். "தவணை தேதிம்மா இன்னைக்கு."

"தெரியும். திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருக்கணும்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னே. நானும் சரின்னுதான் சொன்னேன். ராத்திரி பூரா தூக்கம் வரலம்மா. என் சர்வீஸ்ல ஒரு வண்டியை நான் லேட்டா விட்டதில்ல."

"இன்னைக்கு நீங்க விடுற வண்டி எதிராளியோடதுய்யா!"

அவர் பின்னால் பார்த்தாள். தெரு நெடுக ஆட்கள். கையில் பை, கக்கத்தில் கட்டு. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள்போல, எல்லாரும் நூலகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஜிப்பக்கா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே தெருவுக்கு ஓடி, வாசல்படியில் குறுக்கே நின்றாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்? ரெண்டு நாள்! ரெண்டே ரெண்டு நாள் வீட்டுல வச்சிருக்க முடியலையா?"

"இல்லக்கா" என்றார் இறைச்சிக் கடைக்காரர். கத்தி பிடித்த கையால் ரோஜாப் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "தவணை தாண்டினாக் கார்டை ரத்து பண்றாங்களாம்."

"எங்கம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்த கார்டு" என்றாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண். கண் கலங்கியிருந்தது.

"நூலகமே போனப்புறம் கார்டை வச்சு விசிறிக்கப் போறியாடி?"

யாரும் திரும்பிப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். வாழ்நாள் முழுக்கத் தவணை தவறாதவர்கள், பக்கத்தை மடிக்காதவர்கள், பென்சிலால்கூடக் கோடு போடாதவர்கள். ஊரிலேயே ஒழுங்கானவர்களாகத் தேடித்தேடிப் பொறுக்கி, ஒழுங்கை மீறுங்கள் என்று கேட்டிருக்கிறாள். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் செய்திருப்பார்கள். ஆனால் வேறு யாரிடமும் நூலக அட்டை கிடையாது.

அவள் ஒதுங்கிக்கொண்டாள். கம்பெனிமேல் கோபம், கொழுந்தன்மேல் கோபம், இவர்கள்மேல் கோபம், எல்லாவற்றையும்விட இவர்களைத் திட்டவும் முடியாமல் போன தன்மேல் கோபம்.

உள்ளே நூலகர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் திருப்புதல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மேஜைமேல் புத்தகங்கள் ஏறின. சாயந்திரம் அவற்றை அலமாரியில் அடுக்கிவிட்டால், திங்கட்கிழமை எண்ணிக்கை ஜாம் ஜாமென்று நடந்துவிடும். கண்டக்டர் தன் நாற்காலியிலிருந்து அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல்காரர் கடைசித் தொகுதியை வைத்துவிட்டு, பாரம் இறங்கிய முகத்தோடு திரும்பினார். அடுத்து நின்ற கைக்குழந்தைக்காரி தன்னுடையவற்றை வைத்தாள்.

கண்டக்டர் எழுந்தார். மேஜைக்குப் போய், கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை இடது கையால் எடுத்துக் குழந்தைக்காரியின் கையில் வைத்தார். அவள் விழித்தாள். அவள் திருப்பிய புத்தகத்தை எடுத்துச் சிக்னல்காரரிடம் நீட்டினார். அவரும் விழித்தார். கண்டக்டர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சாவிக்கொத்தோடு அவருடைய பழைய விசில் இன்னும் இருந்தது. வாயில் வைத்து, குட்டையாக இரண்டு ஊதினார்.

வாசிப்பறை அதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் அதுவரை இருமுவதற்கே ஆட்கள் வெளியே போவார்கள்.

ஜிப்பக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. காலம் பூராவும் அவர் செய்த வேலைதான் அது. ஒருத்தர் இறங்கினால் அந்த இடத்தில் அடுத்தவரை உட்காரவைப்பார். அவர் வண்டியில் காலி இருக்கை பார்த்தவர் கிடையாது. ஒரு நீள விசில் என்றால் நில். இரண்டு குட்டை விசில் என்றால் போகலாம்.

எல்லாரும் நூலகரைப் பார்த்தார்கள். நூலகர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த மாதங்களில் அவர் யார் பக்கமும் வாய் திறந்ததில்லை. இப்போது கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அதே ஆளுக்கு அதே புத்தகத்தைப் புதுப்பிக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. திருப்பினதை வேற ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. வரிசையில வாங்க."

அதற்குப்பின் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வரிசை உள்ளே வந்து, மேஜையைச் சுற்றி, மறுபடி வெளியே போனது. ஒருவர் இறக்கிய கட்டு அடுத்தவர் பைக்குள் ஏறியது. யாருக்கும் தவணை தவறவில்லை. யார் அட்டைக்கும் ஆபத்து இல்லை. ஒரு புத்தகமும் அலமாரியைத் தொடவில்லை. வாசலில் கண்டக்டர் நின்று ஊதிக்கொண்டே இருந்தார். முந்துகிறவர்களுக்கு நீளமாக ஒன்று, தயங்குகிறவர்களுக்குக் குட்டையாக இரண்டு.

"அக்கா, கடைசி ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு. பூச்சி எப்படிப் போகும்னு தெரியாமப் போச்சே" என்றார் இறைச்சிக் கடைக்காரர், ரோஜாப் புத்தகத்தை விட மனமில்லாமல்.

"எடுத்துட்டுப் போறவங்க வீட்டு வாசல்ல போய் உக்காந்து கேட்டுக்கோ" என்றாள் ஜிப்பக்கா. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை கம்பெனி அட்டைக்காரர் வந்தார். எண்ணும் கருவிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். புதுக் கால்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கொழுந்தனும் வந்தான். கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அலமாரி அலமாரியாக நடந்து பார்த்தார்கள். கடைசி அலமாரியின் மூலையில் அட்டை கிழிந்த ஒரு பழைய தொலைபேசி விவரத் தொகுப்பு மட்டும் கிடந்தது. அதை யாரும் எடுக்க முன்வரவில்லை.

"ஒன்று" என்றார் நூலகர். "எழுதிக்குங்க. கையெழுத்துப் போடுறீங்களா?"

அட்டைக்காரர் போடவில்லை. கொழுந்தன் நேராக எதிர்க்கடைக்கு வந்தான். முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது.

"அண்ணி, எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டீங்க."

ஜிப்பக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள்.

"உன் மானமும் வெளில போயிருக்கு தம்பி. தவணைக்குத் திரும்பி வரும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. உங்கண்ணன் உன் ஃபீஸைக் கட்டும்போது ஆள் தேவையில்லன்னு சொல்லல. உன்னை ஆளாக்கினாரு. அவர் அங்க போய் உக்கார்றது புத்தகத்துக்காக இல்ல, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்காக. அதைக் கேக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளைத்தான் நீ கைதூக்கி வேண்டாம்னே. என் கண்ணு முன்னாடியே தூக்கினே. நான் தச்ச சட்டையில தூக்கினே."

அவன் வாயைத் திறந்தான். அவள் மறுபடி ஊசியைக் கவ்விக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

ஒப்பந்தம் காலாவதியானது. 'தற்போதைக்கு' நூலகம் பழையபடி நடக்கும் என்று நகரசபை நோட்டீஸ் ஒட்டியது. தெருவில் கைதட்டினார்கள். அந்தத் 'தற்போதைக்கு' என்ற வார்த்தையை ஜிப்பக்கா மட்டும் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிரிய ஆரம்பிக்கும் தையல் அவள் கைக்குத் தெரியும்.

பிரிந்தது வேறிடத்தில். நூலகருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரின் மறுகோடியில், ஜன்னல் இல்லாத ஒரு கோப்பறைக்கு. காரணம், 'நிர்வாக நலன்'. அந்த மாதங்களில் அவர் ஜனங்களிடம் வாய் திறந்தது ஒரு தடவை, அப்போதும் உத்தரவில் இல்லாத எதையும் சொல்லவில்லை. அதற்கு இந்தக் கூலி. போகிற அன்று கைப்பையின் ஜிப் மாற்றக் கொடுத்திருந்ததை வாங்க வந்தார்.

"விடுறதா இல்லம்மா. நகரசபை வாசல்லயே போய் உக்கார்றேன்" என்றாள் ஜிப்பக்கா.

"உக்காருங்க. நானும் மேல எழுதிப் போட்டிருக்கேன். ஆனா அதுவரைக்கும் இதைக் கேட்டுக்குங்க. அவருக்கு இப்பத் 'த'ல தொடங்குறதுதான் கஷ்டம். நேத்து பாதி வந்துச்சு. எடுத்துக்குடுக்கக் கூடாது. காத்திருக்கணும்." நூலகர் ஜிப்பை இழுத்து மூடிப் பார்த்தார். "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஜிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. கூலி வாங்க மறுத்தாள். நூலகர் கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைக்காரியைப் பற்றி யாரோ ஏற்கெனவே காதில் போட்டிருக்க வேண்டும். அவள் கணவரோடு படியேறுவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கம் மேடம். என் மேல எதுவும் கோபமா மேடம்?"

"கோபம் இருக்கு. உங்க மேல இல்ல. உக்காருங்க." செய்தித்தாளை அவர் முன்னால் விரித்தாள். "ரெண்டு வரி. சத்தமாப் படிங்க. இவர் திருப்பிச் சொல்ற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகக் கூடாது."

"இது... என் வேலையில வருதா மேடம்?"

அவள் ஊசிகளைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். "வரலைன்னு சொல்லுங்க. அந்த மெஷினைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன். அது உங்களை விட இனிமையாப் பேசும்."

இளைஞர் படித்தார். தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பதைப் பற்றிய செய்தி. கண்டக்டர் வாயைக் குவித்தார். "த..." என்றார். நின்றது. மறுபடி, "த..."

பின்னால் நின்ற ஜிப்பக்காவின் நாக்கு நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இளைஞருக்குப் பொறுக்கவில்லை. "தண்ணீர், ஐயா. தண்ணீர்" என்று எடுத்துக்கொடுத்தார்.

விசில். நீளமாக, ஒன்று.

மேஜைகளிலிருந்து எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. இளைஞர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அது அவரோட வார்த்தை" என்றாள் ஜிப்பக்கா. "நீங்க எடுக்காதீங்க." சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் வெளியே வந்தாள். நின்றால் தானே எடுத்துக்கொடுத்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

கடையில் கொழுந்தனின் இரண்டு கால்சட்டைகளும் இடுப்பு பிரித்தபடி கொடியில் தொங்கின. அவன் வாங்க வரவில்லை. அவளும் சொல்லி அனுப்பவில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. எதிர் ஜன்னலில் அந்த இளைஞர் கன்னத்தில் கைவைத்து, தாளைப் பார்க்காமல் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கோப்பறையில் இந்நேரம் அந்த அம்மாள் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ. நாளைக்கு நகரசபை வாசலுக்கு எந்நேரம் போவது, யார் யாரைக் கூப்பிடுவது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை தவணை தவறக்கூடியவர்களாக நாலு பேரையாவது பிடிக்க வேண்டும்.

வெயில் ஏறியது. ஒரு வாடிக்கையாளர் வந்தார். கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். அவர் நின்றார்.

எதிரிலிருந்து கேட்டது. குட்டையாக, இரண்டு விசில்.

ஜிப்பக்கா ஊசிகளைக் கவ்விக்கொண்டு இயந்திரத்தை மிதித்தாள்.